மார்ஷல் பக்ராமியான்

படைத்தலைவன் என்றதும் முன்னணியில் வாளேந்திப் பாயும் வீரன் ஒருவனின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். இந்த நூற்றாண்டின் போர்களிலும் சென்ற நூற்றாண்டின் பெரும் போர்களிலும் வேறொரு துணிவும் வேண்டப்பட்டது. தேசப்படத்தின்முன் நின்று, மேலோர் கேட்க விரும்பாத உண்மையை அவர்கள் முகத்துக்கு நேரே கூறும் துணிவு அது. தலைவன் செவிகொடாதவனாயினும் நன்மை பயப்பதை எடுத்துரைத்தல் அருகிலிருப்போன் கடமை என்று வள்ளுவர் அமைச்சருக்கு விதித்தார். அந்த விதியின் பாரத்தை வாழ்நாளிற் சுமந்தவர் ஆர்மீனியரான மார்ஷல் பக்ராமியான்.

இன்றைய அஸர்பைஜான் நாட்டின் எல்லைக்குள் அமைந்த சர்தாக்லு என்ற கிராமத்தைச் சேர்ந்த ஆர்மீனியக் குடும்பத்தில் 1897 டிசெம்பர் 2ஆம் திகதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹொவ்ஹான்னெஸ்; ரஷ்யர் அவரை இவான் என்று அழைத்தனர். தந்தையார் புகையிரதப் பகுதித் தொழிலாளி. மைந்தனும் திபிலிசி நகரிற் புகையிரதத் தொழில்நுட்பக் கல்வியே பயின்றான். முதலாம் உலகப்போர் அந்தப் பாதையை மாற்றியது. 1915ஆம் ஆண்டில் அவர் தாமாகவே முன்வந்து ரஷ்யப் படையிற் சேர்ந்தார்.

அதே ஆண்டிலேதான் துருக்கிப் பேரரசில் ஆர்மீனியர் இலட்சக்கணக்கில் மாண்டனர். 1918 மே மாதத்தில் துருக்கிச் சேனை எரெவான் நகரை நோக்கி வந்தபோது, எஞ்சியிருந்த சிறு நிலப்பகுதியும் பறிபோகுமோ என்ற நிலை உண்டாயிற்று. சர்தாராபாத் சமவெளியிற் போர்வீரரோடு குடிமக்களும் திரண்டு நின்று பகைவரைத் தடுத்தனர். அப்போரில் இளைஞர் பக்ராமியானும் பங்குகொண்டார். அம்மாதம் 28ஆம் திகதி ஆர்மீனியக் குடியரசு பிறந்தது.

இரண்டரை ஆண்டுகளின் பின் அங்கு சோவியத் ஆட்சி ஏற்பட, அவர் செஞ்சேனையிற் சேர்ந்து குதிரைப்படைப் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கினார். 1934இல் புருன்ஸே இராணுவக் கல்லூரியிலும், 1938இல் உயர் இராணுவக் கல்லூரியிலும் கல்வியை முடித்தார். ஆயிரக்கணக்கான அதிகாரிகள் சிறைப்பட்டும் கொலையுண்டும் அழிந்த காலம் அது. பழைய குடியரசின் படையிற் பணியாற்றியது அவருக்குப் பாதகமாகவே இருந்தது. எனினும் அவர் தப்பி, கற்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார்.

1941 ஜூன் மாதத்தில் ஜேர்மானியர் படையெடுத்தபோது கீவ் பகுதித் தலைமையகத்தில் போர்த்திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவரே. செப்டெம்பரில் கீவ் நகரைச் சூழ்ந்து பகைவர் வளையம் மூடியது. பின்வாங்கும் கட்டளையை மார்ஷல் திமொஷென்கோ அவரிடம் வாய்மொழியாக மாத்திரம் கூறி, விமானத்தில் அனுப்பிவைத்தார். கீவ் போர்முனைத் தளபதி கிர்பொனோஸ் எழுத்து மூலமான ஆணையின்றிப் பின்வாங்க மறுத்தார். நகரை விட்டகல மொஸ்கோவின் அனுமதி இல்லாத நிலையில் அவர் அஞ்சியதும் இயல்பே. மொஸ்கோவைக் கேட்டு விடைபெறும் வேளையில் அரிய நேரம் கழிந்தது. கிர்பொனோஸ் களத்தில் மடிந்தார். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சிறைப்பிடித்ததாக ஜேர்மானியர் அறிவித்தனர். பக்ராமியான் சிறு படைப்பிரிவொன்றுடன் வளையத்தை உடைத்து வெளியேறினார்.

அடுத்த ஆண்டு அதனினும் கசப்பானது. 1942 மே 12ஆம் திகதி கார்கோவ் நகரை மீட்கத் தொடங்கிய தாக்குதல், அம்மாத முடிவிற் பேரழிவாக முடிந்தது. திமொஷென்கோவின் தலைமையகத்தில் முதன்மை அதிகாரியாக இருந்த பக்ராமியான்மீதே ஸ்டாலின் பழியைச் சுமத்தி, அவரைப் பதவியிலிருந்து அகற்றினார். திட்டம் வகுத்ததில் அவருக்குப் பங்கு இல்லையென்று கூறுதல் முறையன்று. ஆயினும் ஆபத்து வெளிப்பட்டபின்னும் தாக்குதலை நிறுத்தாத பொறுப்பு மேலிருந்தோரையே சாரும். 1956இல் ஸ்டாலினைக் கண்டித்துக் குருஷ்சேவ் நிகழ்த்திய உரையில், இந்த நிகழ்ச்சிக்கு அவையிலிருந்த பக்ராமியானையே சாட்சியாகச் சுட்டினார்.

இத்தகைய வீழ்ச்சியின் பின் வாய்மூடி இருப்பதே பாதுகாப்பு என்று பலர் முடிவு செய்திருப்பர். சில வாரங்களில் 16ஆவது சேனையின் தலைமை அவருக்குக் கிடைத்தது. ஓராண்டு செல்லுமுன் பழைய சோதனை மீண்டும் வந்தது. ஓரெல் நகரைச் சுற்றிய ஜேர்மானியரின் பகுதி ரஷ்ய அணிக்குள் ஆப்புப்போல நுழைந்து நின்றது. அதனை வெட்டும் திட்டத்தை மேலதிகாரிகள் அனைவரும் ஏற்றுக்கொண்டிருந்தனர். மொஸ்கோவில் ஸ்டாலின் முன்னிலையில் நடந்த ஆலோசனையின்போது பக்ராமியான் எழுந்து, தம் தேசப்படத்தை விரித்தார். அயற்சேனையுடன் இணைந்து பொல்கோவ் பகுதியிலுள்ள பகைவரை முதலில் வளைக்க வேண்டும் என வாதித்தார். மேலதிகாரிகள் மறுத்தனர், ஸ்டாலின் அவர் பக்கமே தீர்ப்பளித்தார் என்று அவரது நினைவு நூல் கூறுகின்றது. 1943 ஜூலை 12ஆம் திகதி தாக்குதல் தொடங்கியது. ஆகஸ்ட் 5ஆம் திகதி ஓரெல் மீட்கப்பட்டது. அன்றிரவு மொஸ்கோவில் வெற்றிப் பீரங்கிகள் முழங்கின.

அவ்வாண்டு நவம்பரில் முதலாம் போல்டிக் போர்முனை முழுவதற்கும் அவர் தளபதியானார். ஸ்லாவியர் அல்லாத ஒருவருக்கு அத்தகைய பதவி கிடைத்தல் அந்நாளில் அரிது. 1944 கோடையில் அவர் படைகள் வித்தெப்ஸ்க் நகருக்கருகே, பகைவர் எதிர்பாராத சதுப்புக் காடுகளினூடே பாய்ந்து, மேற்கு த்வினா நதியைக் கடந்தன. ஒக்டோபரில், றீகா நகரை நோக்கி நின்ற பெரும்படையை இரகசியமாகத் தெற்கே நகர்த்தி, மேமல் திசையில் தாக்கினார். சில நாட்களிற் கடலை அடைந்து, ஜேர்மன் வடபுலச் சேனையைத் தரைவழித் தொடர்பின்றித் துண்டித்தார். அச்சேனை போர் முடியும்வரை கூர்லாந்திலேயே அடைபட்டுக் கிடந்தது.

1955இல் அவர் சோவியத் யூனியனின் மார்ஷல் ஆனார். 1958 முதல் 1968 வரை இராணுவத்தின் வழங்கற் பகுதியை நிருவகித்தார். உணவும் எரிபொருளும் உடையும் உரிய வேளையிற் சேர்ப்பிக்கும், புகழ் குறைந்த பணி அது. 1982 செப்டெம்பர் 21ஆம் திகதி மறைந்தார். கிரெம்ளின் மதிலில் அவரது அஸ்தி வைக்கப்பட்டது. எரெவானில் ஆர்மீனியப் பாராளுமன்றம் அமைந்த வீதி அவர் பெயரையே தாங்குகின்றது. கவசப்படைகளின் பிரதம மார்ஷலாக உயர்ந்த பாபஜனியானையும் ஈன்ற சர்தாக்லு கிராமத்திலோ, 1980களின் இறுதியில் மூண்ட இனப்பகையால் ஆர்மீனியர் எவரும் எஞ்சவில்லை.

நேயர்களே, கீவிலும் கார்கோவிலும் இலட்சக்கணக்கானோர் அழிந்தமைக்குப் பகைவரின் வலிமை ஒரு காரணம். உண்மை உரிய வேளையில் உரிய செவியை எட்டாமை மற்றொரு காரணம். ஓரெலில் அது எட்டியது. அதற்கு, ஒருமுறை தண்டிக்கப்பட்டவர் மீண்டும் எழுந்து பேச வேண்டியிருந்தது.