தேடுசொல்லும் எழுத்துக்குறியும்

தமிழ்ச்சொல் ஒன்றைக் கணினித் திரையில் பிழையின்றி எழுதிவிட்டால் அது தமிழாகவே உரிய இடம் சேரும் என்று புலவர் பெருமக்கள் கருதுவது இயல்பு. எப்போதும் அவ்வாறு சேர்வதில்லை என்பதே இவ்வுரையின் பொருள்.

மேசைக் கணினியில் தேடற் குறுவழி என்றொரு வசதி உண்டு. தேடுதளத்தின் முகவரியில் ஓரிடத்தை வெற்றாக விட்டுச் சேமித்து வைத்துக்கொண்டால், பிறகு சொல்லை மட்டும் தட்டினால் போதும். அது அவ்விடத்திற் பொருந்தித் தேடல் நேரே நிகழும். ஆனால் முகவரிக்குள் தமிழெழுத்து தன் வடிவில் செல்ல இயலாது. எண்ணாக மாறியே செல்லவேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்துத் 'தாமல்' என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது மூன்றெழுத்து. ஒருங்குறிக்கோ ஐந்து குறி: தகரம், கால், மகரம், லகரம், புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் அதனையடுத்த இரண்டு அடையாளங்களுமாக எழுதப்படும். ஆகவே தாமல் 45 அடையாளங்களாக நீண்டு பயணம் செய்கிறது.

நீளம் பொருட்டன்று. அந்த 45-இல் ஒன்றேனும், 'இஃது இன்ன முறையில் எழுதப்பட்டது' என்று கூறுவதில்லை என்பதே இடர்ப்பாடு. பெறுகின்ற தளம் அதனை மேனாட்டு எழுத்துமுறையாகப் படித்தால், தலையிற் சாய்கோடு தாங்கிய இலத்தீன் எழுத்தும் வட்டத்துள் அடைபட்ட வணிகக்குறியும் மாறி மாறித் தோன்றும். இது மீட்கத்தக்க கேடு, பைட்டுகள் அழிவதில்லை. மற்றொரு கேடு மீளாதது. பழைய மென்பொருள் சில, சொல்லை அனுப்புமுன் மேனாட்டு எழுத்துப் பட்டியலுக்கு மாற்றிவிடும். அப்பட்டியலில் தமிழுக்கு இடமில்லை; குறிதோறும் ஒரு கேள்விக்குறி நிற்கும். தாமல் ஐந்து கேள்விக்குறிகள் ஆகும். 'தமிழ்' என்று எழுதினும் அதே ஐந்துதான்!

குறுவழியைத் திருத்துவது எளிது. திருத்தியபின்னும் தேடும் நூல் அகப்படாமை ஏன் என்பதே கவிஞர்கள் எண்ணவேண்டியது. 1991-இலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. எனினும் 1990-களில் நம் அச்சுக்கோப்பு நிகழ்ந்தது தனித்தனி எழுத்துருக்களில். ஒன்றில் ககரம் இருந்த எண்ணில் மற்றொன்றில் வேறெழுத்து இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் தரங்கள் வந்தன. திஸ்கி ஒருபுறம் வழங்கிற்று. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் பழைய மின்னூல்களை ஒருங்குறிக்கு மாற்றி வெளியிட்டது. அவ்வாறு மாற்றப்பெறாத மலர்கள் திரையில் அழகாகவே தோன்றும். தேடினால் மட்டும் அகப்படா.

மாற்றத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டன. அதனால் 'ஔவை' என்பது ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து 'ஒளவை' ஆகிவிடுகிறது. 'கௌதமன்' 'கெளதமன்' ஆகிறான். கண்ணுக்கு வேறுபாடு அரிது. பொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். சோழர்காலக் கல்வெட்டுகளிற் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலச் சாசனங்களைப் படிப்போர் இடம்நோக்கி மெய்யும் உயிர்மெய்யும் பிரித்தறிந்துகொள்கின்றனர். மாற்றுநிரலுக்கோ இடம்நோக்கும் திறம் குறைவு. 'தெளிவு' என்பதில் எகரமும் ளகரமும் தமக்குரிய இடத்திலேயே உள்ளன, 'கெளதமன்' என்பதில் இல்லை என்று சொல்ல, மாற்றிய படியை வரிவரியாக ஒப்புநோக்கும் தமிழறிந்த ஒருவர் வேண்டும்.