கனக்கும் ஸ்டியரிங்: பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை



தென்னந்தோப்பில் இரண்டு வரிசைக்கு நடுவே புகுந்து திரும்ப வேண்டும், சின்ன வயலில் வரப்பை இடிக்காமல் மூலை திரும்ப வேண்டும். அதற்காகத்தான் 20, 25 குதிரைத்திறன் மினி டிராக்டரை வாங்குகிறோம். அந்த வண்டியில் ஸ்டியரிங் கனக்க ஆரம்பித்தால் வாங்கிய காரணமே போய்விடுகிறது. பகலெல்லாம் அதோடு மல்லுக்கட்டியவருக்கு ராத்திரி தோளைத் தூக்க முடியாது.

பவர் ஸ்டியரிங் சரியில்லை என்று பட்டறைக்குப் போனால், பல இடங்களில் காதில் விழும் முதல் பதில், “பம்பு போயிருக்கும்ங்க.” இல்லையென்றால், “ஆர்பிட்ராலைப் பிரிச்சுப் பார்த்துடலாம்.” இரண்டும் விலை கூடிய சாமான்கள். இரண்டையும் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

பழைய டிராக்டர்களில் ஸ்டியரிங் வீலுக்கும் முன் சக்கரத்துக்கும் இடையே தண்டு, பல்சக்கரப் பெட்டி, ராடு என்று இரும்புத் தொடர்பு இருந்தது. இன்று வரும் ஹைட்ராலிக் ஸ்டியரிங் பலவற்றில் அந்தத் தொடர்பே கிடையாது. ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் கனமான ஓர் இரும்புக் கட்டை உட்கார்ந்திருக்கும், அதுதான் ஆர்பிட்ரால். எஞ்சின் சுழற்றும் பம்பு, தொட்டியிலிருந்து ஆயிலை இழுத்து அதற்குள் அனுப்புகிறது. நீங்கள் வீலைத் திருப்பினால், உள்ளே இருக்கும் வால்வு அந்தப் பக்கத்துக்கு வழியைத் திறக்கும். திருப்பிய அளவுக்கு மட்டும் ஆயிலை அளந்துவிட ஒரு பல்சக்கர ஜோடி இருக்கிறது. பெரும்பாலும் உள் சக்கரத்துக்கு ஆறு பல், வெளி வளையத்துக்கு ஏழு. சிறிய வண்டிகளில் வீலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய அரை டம்ளர் ஆயில் போகும். அது முன் ஆக்சிலில் இருக்கும் சிலிண்டரைத் தள்ள, சக்கரம் திரும்புகிறது. உங்கள் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பதெல்லாம் ஹோஸும் அதற்குள் ஓடும் ஆயிலும்தான்.

இதைத் தெரிந்துகொண்டாலே இரண்டு வீண் கவலைகள் தீரும். வண்டி நேராகப் போகும்போது வீலின் கம்பிகள் ஒரு நாள் ஒரு மாதிரி, இன்னொரு நாள் வேறு மாதிரி நிற்கும். இரும்புத் தொடர்பு இல்லாததால் உள்ளே மெல்லக் கசியும் ஆயில் அந்த இடத்தை நகர்த்திவிடுகிறது. அது கோளாறு இல்லை. இரண்டாவது, எஞ்சின் நின்றுவிட்டால் ஸ்டியரிங் முழுதாகச் செத்துவிடாது. நீங்கள் வீலைச் சுற்றும்போது அந்த ஆறு பல் ஏழு பல் ஜோடியே கைப்பம்பாக மாறி ஆயிலைத் தள்ளும். ஆனால் கை நோகும், சுற்றும் கூடும். சரிவில் எஞ்சின் அணைந்தால் பதறாமல் பலமாகச் சுற்றுங்கள்; வண்டி திரும்பும்.

இப்போது கனத்துக்கு வருவோம். முதலில் முன் டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள், கையால் தட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. அடுத்து முன்பாரம்: லோடரோ கூடுதல் எடையோ மாட்டியிருக்கிறீர்களா? பிறகு முன் ஆக்சிலின் நடு பின், கிங் பின், டை ராடு முனைகள். கிரீஸ் கண்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று வண்டி வைத்திருப்பவருக்கே மறந்திருக்கும். இவற்றைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் கீழே உறுதியான தாங்கி வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு வீலைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் தரையைத் தொடாதபோது லேசாகவும், இறக்கியதும் கனமாகவும் இருந்தால், ஒன்று டயரும் பாரமும் காரணம், அல்லது ஆயில் அழுத்தம் போதவில்லை. தூக்கிய நிலையிலும் கனமாகவே இருந்தால் கிங் பின் இறுகியிருக்கலாம், ஸ்டியரிங் தண்டே எங்காவது உரசலாம். இந்த ஒரு சோதனைக்கு அரை மணி நேரம் ஆகாது. இதைச் செய்யாமல் ஆர்பிட்ராலைப் பிரிப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

வெளியே எல்லாம் சரி என்றால் ஆயில் பக்கம் போகலாம். இங்கே ஓட்டுநரின் ஞாபகம் எந்தக் கருவியையும் விட உதவும். கனம் எப்போது வருகிறது? காலையில் நன்றாக இருந்து, வெயில் ஏறி, வண்டி சூடான பிறகு கனத்து, எஞ்சின் வேகத்தைக் குறைத்தால் இன்னும் மோசமாகி, ஆக்சிலேட்டரைக் கூட்டினால் சரியாகிறதா? அப்படியானால் எங்கோ உள்தேய்மானம்; சூட்டில் ஆயில் நீர்த்து, தேய்ந்த இடைவெளிகள் வழியாக நழுவுகிறது. பம்பைச் சந்தேகிக்க இது நியாயமான காரணம். இதற்கு நேர்மாறாக, காலையில் ஸ்டார்ட் செய்ததும் “உய்ங்” என்று பம்பு கத்தி, வேகம் கூட்டினால் கத்தல் கூடி, சூடான பிறகு அடங்குகிறதா? பம்பு நல்ல பம்பு. அதற்குச் சாப்பாடு போகவில்லை. குளிர்ந்த கெட்டி ஆயிலை இழுக்க முடியாமல் தவிக்கிறது. உறிஞ்சு பக்கத்து ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது தொட்டியில் ஆயில் அளவு இறங்கியிருக்கும். இரண்டையும் ஓட்டுநர் “ஸ்டியரிங் டைட்டு” என்ற ஒரே பேரில் சொல்வதால்தான் நல்ல பம்புகள் பல கழற்றப்படுகின்றன.

அடுத்த கேள்வி லிஃப்ட் பற்றி. பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்டும் மந்தமாகிவிட்டதா? சில வண்டிகளில் ஸ்டியரிங்கும் லிஃப்டும் ஒரே பம்பில் ஓடும். ஸ்டியரிங்குக்கு முதல் பங்கு கொடுக்கும் வால்வு ஒன்று நடுவில் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் இரண்டும் சேர்ந்து தளர்ந்தால் பம்பு, ஃபில்டர், ஆயில் அளவு. லிஃப்ட் தூக்குகிறது, ஸ்டியரிங் மட்டும் தகராறு என்றால், பம்பு குற்றவாளி இல்லை. அந்தப் பங்கு வால்வையோ அதற்குப் பிறகு இருப்பதையோ பார்க்க வேண்டும். வேறு வண்டிகளில் ஸ்டியரிங்குக்குத் தனித் தொட்டி, தனிப் பம்பு. உங்கள் வண்டி எந்த வகை என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிராக்டர் கழுவும்போது பிரஷர் பம்பை டிப்ஸ்டிக் மீதும் காற்றுத் துவாரத்தின் மீதும் பிடிப்பவர்கள் இதை வரவழைத்துக்கொள்கிறார்கள். நுரை பொங்கினால் காற்று. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். “எங்கேயும் ஒழுகலையே, காற்று எப்படிப் போகும்?” என்பார்கள். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே இருக்கும் குழாயில் ஆயில் வெளியே ஒழுக வேண்டிய அவசியமே இல்லை. இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் விரிசல் இருந்தால் என்ன ஆகும்? சொட்டுக்கூடச் சிந்தாது, ஆனால் வாய்க்குக் காற்றுதான் வரும். இங்கும் அதேதான். தளர்ந்த ஹோஸ் கிளிப், வெடித்த பழைய ரப்பர், பம்பின் தண்டில் இருக்கும் ஆயில் சீல், இந்த மூன்றில் ஒன்று உள்ளே காற்றை இழுக்கும். வீல் விட்டு விட்டுத் திரும்புவதும், முன் சக்கரம் லேசாக ஆடுவதும் இதனால் வரலாம்.

ஆயில் விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவசரத்துக்குக் கையில் கிடைத்தது என்று பிரேக் ஆயிலை ஸ்டியரிங் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது வேறு சாதி வேதிப்பொருள். ஹைட்ராலிக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் சீல்களை ஊதவைத்துக் குழைத்துவிடும். அரை லிட்டர் மிச்சம் பிடிக்கப் போய் மொத்த சீலும் மாற்ற வேண்டி வரும்.

சரி, ஒரு பக்கம் மட்டும் கனக்கிறது என்றால்? பம்பையும் ஃபில்டரையும் விட்டுவிடுங்கள், அவை இரு பக்கத்துக்கும் பொது. அந்தப் பக்கத்து ஹோஸ் எங்கோ மடங்கியிருக்கலாம், உள் ரப்பர் உரிந்து அடைத்திருக்கலாம், சிலிண்டரோ வால்வோ பழுதாகியிருக்கலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் ராடு நீளும் சிலிண்டர் உள்ள வண்டியில், இடப்பக்கச் சுற்றும் வலப்பக்கச் சுற்றும் கொஞ்சம் வேறுபடுவது இயல்பு. ராடு இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்தப் பக்கத்துக்குக் குறைந்த ஆயில் போதும்.

சக்கரம் கடைசி வரை திரும்பி நின்ற பிறகும் வீல் மெல்லச் சுற்றிக்கொண்டே போகிறது என்றால், ஆயில் எங்கோ பின்வாசல் வழியாகப் போகிறது. கொஞ்சம் நழுவல் எல்லா வண்டியிலும் உண்டு, மிகுந்தால்தான் கோளாறு. அது சிலிண்டரின் பிஸ்டன் சீலா, ஆர்பிட்ராலா என்று கண்டுபிடிக்க மெக்கானிக் செய்ய வேண்டிய சோதனை எளிது. சிலிண்டருக்குப் போகும் இரண்டு வழிகளையும் அழுத்தம் தாங்கும் மூடிகளால் அடைத்துவிட்டு வீலைத் திருப்ப வேண்டும். வீல் கெட்டியாக நின்றால் ஆர்பிட்ரால் நல்லது, சிலிண்டர்தான் கசிகிறது. அப்போதும் சுற்றினால் ஆர்பிட்ராலே தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். சிலிண்டர் சீல் கிட்டுக்கும் புது ஆர்பிட்ராலுக்கும் விலையில் நல்ல தூரம்.

காவிரி டெல்டாவிலும் மற்ற நெல் வயல்களிலும் சேறடிக்கும் வண்டிகளுக்குச் சிலிண்டர் சீல் சீக்கிரம் போவதற்கு ஒரு காரணம் உண்டு. வேலை முடித்து வீட்டில் நிறுத்தியதும் ராடின் மேல் சேறு காய்ந்து ஓடாகிவிடும். மறுநாள் காலை அப்படியே வீலைத் திருப்பினால் அந்த மண் சீலைக் கீறிக்கொண்டு உள்ளே போகும். சேறு ஈரமாக இருக்கும்போதே ராடில் மட்டும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும்.

கசிவு தேடும்போது கையால் தடவாதீர்கள், ஓடும் எஞ்சினில் ஒருபோதும் வேண்டாம். பல வண்டிகளில் ஸ்டியரிங் அழுத்தம் 100 பார் வரை போகும், சிலவற்றில் அதைத் தாண்டும்; கார் டயரில் இருப்பது 2 பார் சுமார். ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். டீசல் எஞ்சின் பீய்ச்சிய எரிபொருளால் இப்படி ஏற்பட்ட காயத்தைப் பற்றி 1937ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வந்திருக்கிறது. வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காரக் கூடாது. உடனே அறுவை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் ஆயில் ஏறியது என்று சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்து விரலை இழந்தவர்கள் உண்டு. கசிவு தேட அட்டைத் துண்டை நீட்டிப் பிடியுங்கள். அட்டை நனைவது இடத்தைக் காட்டிவிடும்.

எல்லாம் பார்த்த பிறகும் ஆர்பிட்ராலைப் பிரித்தே ஆக வேண்டும் என்றால், தெரிந்த கையிடம் கொடுங்கள். உள்ளே தண்டும் பல்சக்கரமும் குறியிட்ட இடத்தில் சேர வேண்டும். ஒரு பல் தள்ளிச் சேர்த்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் வீல் தானாகவே சுழலும், பிடித்தவர் மணிக்கட்டை முறிக்கும் வேகத்தில். சீல் கிட் போட்டால் வெளிக்கசிவு நிற்கும். ஆனால் உள்ளே வால்வு உருளையில் கீறல் விழுந்திருந்தால் எந்த சீலும் அதைச் சரிசெய்யாது. கட்டையையே மாற்ற வேண்டும்.

பம்பு உடைந்து மாற்றுகிறீர்கள் என்றால், பழைய ஆயிலை முழுக்க வடித்து, தொட்டியைக் கழுவி, ஃபில்டரை மாற்றிய பிறகே புதியதை மாட்டச் சொல்லுங்கள். பழைய பம்பின் இரும்புத்தூள் எல்லாம் தொட்டிக்குள்தான் கிடக்கும். மாட்டியதும் முன் ஆக்சிலைத் தாங்கியில் தூக்கி வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, வீலை இரண்டு பக்கமும் கடைசி வரை பல முறை திருப்புங்கள். கடைசி முனையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அங்கே நிற்கும்போது ஆயில், மிகை அழுத்தத்தை வடிக்கும் ரிலீஃப் வால்வு வழியாகவே பாய்ந்து சூடாகும். காற்று வெளியேற வெளியேற தொட்டியில் அளவு இறங்கும், நிரப்பிக்கொண்டே வாருங்கள். நுரை அடங்கியதும் எஞ்சினை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அரை நாள் வேலை ஓட்டிய பிறகு இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.