சிறையிலிருந்து ஒரு சாமியார், வெளியே வேட்பாளர்கள்: டேரா ஓட்டும் ஹரியானா அரசியலும்

இன்னிக்கு ஹரியானா, பஞ்சாப் பக்கம் போகப்போறோம். ஒரு சாமியாரைப் பத்தின எபிசோட் மாதிரி தெரியும். ஆனா உண்மையில நான் பேச வந்தது அவரைப் பத்தி இல்லை, அவர்கிட்ட போய் நின்ன வேட்பாளர்களைப் பத்தி.

ஒரு தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம். 2024 அக்டோபர் 5, ஹரியானா சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். அதுக்கு மூணு நாள் முன்னாடி, அக்டோபர் 2 காலையில், ரோத்தக் பக்கத்துல இருக்கிற சுனாரியா சிறையிலிருந்து 20 நாள் பரோலில் ஒருத்தர் வெளியே வர்றார். பேரு குர்மீத் ராம் ரஹீம் சிங். டேரா சச்சா சௌதா என்ற அமைப்பின் தலைவர். இரண்டு பெண் சீடர்களைப் பாலியல் வன்புணர்வு செய்ததாக 2017-இல் தண்டிக்கப்பட்டவர்.

தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்ததால் நிபந்தனைகள் போட்டாங்க. ஹரியானாவுக்குள் காலடி வைக்கக் கூடாது, பொதுக்கூட்டத்துல பேசக் கூடாது, பிரசாரம் செய்யக் கூடாது. அவர் உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் மாவட்டத்துல இருக்கிற தன்னோட ஆசிரமத்துக்குப் போய்த் தங்கினார்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஒரு மனுஷன் வெளியே வந்தாலே தேர்தலைப் பாதிக்கலாம்னு பயந்துதானே இவ்வளவு நிபந்தனை? அப்படின்னா அந்த வாரத்துல ஏன் விடணும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

டேரா என்றால் என்ன?

பஞ்சாப், ஹரியானா பகுதியில் குரு ஒருவரைச் சுற்றி உருவாகும் ஆன்மிக மையத்துக்கு டேரா என்று பேர். நம்ம ஊர் மடம், ஆசிரமம் இரண்டும் கலந்த மாதிரி வச்சுக்கலாம். டேரா சச்சா சௌதா 1948-இல் சிர்சாவில் ஆரம்பிச்சது. தொடங்கினவர் மஸ்தானா பலூசிஸ்தானி. ராம் ரஹீம் 1990-இல் பொறுப்புக்கு வந்த மூணாவது தலைவர்.

அங்கே போற மக்களை ஏமாளிகள்னு சொல்லிட்டுக் கடந்து போறது ரொம்பச் சுலபம். அது தப்பு. அவங்கள்ல பெரும்பகுதி தலித் மக்கள், பிற்படுத்தப்பட்டவங்க, ஏழைகள். நிலம் ஆதிக்க சாதிகள் கையில் இருக்கிற ஊர்கள்ல, குருத்வாராவிலும் கோயிலிலும் ஓரமா நிக்க வைக்கப்பட்டவங்களுக்கு டேரா ஒரு மரியாதையைக் கொடுத்தது. சாதிப் பெயரை எடுத்துட்டு, பேருக்குப் பின்னாடி 'இன்சான்', அதாவது மனிதன் என்று போட்டுக்கோ என்றது. குடியை விடு என்றது. கணவன் குடியை நிறுத்தின வீட்டுல அந்தப் பெண்ணுக்கு டேரா மேல எவ்வளவு நன்றி இருக்கும்னு சொல்லத் தேவையில்லை. ரத்த தானம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று நலத்திட்டங்களும் இருந்தன.

இதையெல்லாம் செய்திருக்க வேண்டியது அரசாங்கம். அரசாங்கம் விட்ட இடத்துல டேரா உட்கார்ந்தது. அரசியல் கட்சிகள் அங்கே பார்த்தது வேற ஒண்ணு: ஒரே இடத்துல, ஒரே குரலுக்குக் கட்டுப்பட்ட லட்சக்கணக்கான ஓட்டு.

யார் யார் போனார்கள்?

இதுல ஒரு கட்சியை மட்டும் குத்தம் சொன்னா அது நேர்மை இல்லை. 2007 பஞ்சாப் சட்டமன்றத் தேர்தல்ல டேரா வெளிப்படையாகக் காங்கிரஸை ஆதரிச்சது. 2014 ஹரியானா தேர்தல்ல பாஜகவை ஆதரிச்சது. அப்போ அந்தக் கட்சியின் பொறுப்பாளரா இருந்த கைலாஷ் விஜய்வர்கியா வேட்பாளர்களைக் கூட்டமா சிர்சாவுக்குக் கூட்டிட்டுப் போனார். பாஜக 90-இல் 47 இடம் ஜெயிச்சு, ஹரியானாவுல முதல் தடவையா தனிச்சு ஆட்சியைப் பிடிச்சது. 2017 பஞ்சாப் தேர்தல்ல டேராவின் ஆதரவு அகாலி தளம், பாஜக கூட்டணிக்கு. தேர்தல் வேலைக்காகவே டேராவுக்குள்ள ஓர் அரசியல் விவகாரப் பிரிவு வச்சிருந்தாங்க.

சரி, அந்த ஓட்டு உண்மையிலேயே விழுந்ததா? 2007-இல் மால்வா பகுதியில காங்கிரஸுக்கு நல்ல அறுவடை, ஆனா ஆட்சி கிடைக்கலை. 2017-இல் டேரா ஆதரிச்ச கூட்டணிக்கு 117 இடத்துல 18-தான் கிடைச்சது. அதாவது, டேரா சொன்னா ஜெயிப்பு நிச்சயம்னு எந்தக் கணக்கும் காட்டலை. வாக்கு ரகசியமானது, டேரா ஓட்டுன்னு தனியா எண்ண முடியாது.

பின்ன ஏன் எல்லாரும் போறாங்க? ஏன்னா எதிராளி போயிடுவானோ என்ற பயம். ஐநூறு, ஆயிரம் ஓட்டுல முடிவாகிற தொகுதிகள்ல அந்த ரிஸ்க்கை எந்த வேட்பாளரும் எடுக்க விரும்பலை. ஓட்டு இருக்கோ இல்லையோ, இருக்குன்னு எல்லாரும் நம்பினாலே போதும். சாமியாரோட செல்வாக்கு அந்த நம்பிக்கையிலதான் நிக்குது.

அந்தக் கடிதம்

இப்ப இந்தக் கதையோட நடுப்பகுதி. 2002-இல் அப்போதைய பிரதமர் வாஜ்பாய்க்கு ஒரு கடிதம் போகுது. எழுதினவங்க பேர் இல்லை. டேராவில் துறவியா வாழும் ஒரு பெண் எழுதினதா இருந்தது. தனக்கும் மற்ற பெண்களுக்கும் ராம் ரஹீம் செய்யும் பாலியல் கொடுமைகளை அதுல எழுதியிருந்தாங்க. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து எடுத்து, அந்த வருஷமே சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது.

சிர்சாவிலிருந்து 'பூரா சச்' என்று ஒரு சின்ன மாலைப் பத்திரிகை வந்துகிட்டிருந்தது. 'முழு உண்மை' என்று அர்த்தம். அதோட ஆசிரியர் ராம் சந்தர் சத்ரபதி அந்தக் கடிதத்தை வெளியிட்டார். 2002 அக்டோபரில் அவர் வீட்டு வாசலிலேயே அவரைச் சுட்டாங்க. நவம்பரில் இறந்துபோனார். இந்த வழக்கில் 2019-இல் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் ராம் ரஹீமுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. டேராவின் முன்னாள் மேலாளர் ரஞ்சித் சிங் 2002 ஜூலையில் கொல்லப்பட்ட வழக்கிலும் 2021-இல் ஆயுள் தண்டனை வந்தது. ஆனால் 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் அவரை விடுவித்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்றதுதான் முறை.

இங்கே தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கடிதம் 2002. வன்புணர்வு வழக்கில் தீர்ப்பு 2017. நடுவுல 15 வருஷம். நான் முன்னாடி சொன்ன மூணு தேர்தல்களும், 2007, 2014, 2017 பிப்ரவரி, இந்த 15 வருஷத்துக்குள்ளதான் வருது. அதாவது அங்கே போன ஒவ்வொரு வேட்பாளருக்கும் கடிதம் தெரியும், பத்திரிகையாளர் கொலை தெரியும், சிபிஐ விசாரணை தெரியும். 'எங்களுக்குத் தெரியாதே' என்று சொல்ல யாருக்கும் வழி இல்லை.

அரசுப் பணமும் போச்சு. ஹரியானா அமைச்சர் அனில் விஜ் 2016-இல் டேராவின் விளையாட்டு நிகழ்ச்சிக்கு 50 லட்சம் அறிவிச்சார். 2017 ஆகஸ்டில் கல்வி அமைச்சர் ராம் பிலாஸ் சர்மா 51 லட்சம் அறிவிச்சார். தீர்ப்பு வர்றதுக்குச் சில நாள் முன்னாடி! அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் வருஷக்கணக்கா கோர்ட் படி ஏறிக்கிட்டிருக்காங்க. இந்தப் பக்கம் அமைச்சர் மேடையில நின்னு காசோலை அறிவிக்கிறார். சாட்சி சொல்ற பெண்ணுக்கு அது என்ன செய்தி சொல்லும்?

2017 ஆகஸ்ட் 25, பஞ்ச்குலாவில் தீர்ப்பு. ஒரு லட்சத்துக்கும் மேலான ஆதரவாளர்கள் கூடுறதை மாநில அரசு தடுக்கலை. குற்றவாளி என்ற தீர்ப்பு வந்ததும் கலவரம், 30 பேருக்கு மேல் செத்தாங்க. செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த ஏழை பக்தர்கள்தான். மறுநாள் உயர் நீதிமன்றம், இது ஓட்டு வங்கிக்காகச் செய்த அரசியல் சரணாகதி என்ற பொருளில் அரசைக் கடுமையாகக் கண்டிச்சது. மூணு நாள் கழிச்சு, இரண்டு வழக்குக்கும் தலா 10 வருஷம், மொத்தம் 20 வருஷம் தண்டனை.

பரோல் காலண்டர்

கதை இங்கே முடிஞ்சிருக்கணும். முடியலை. கொஞ்சம் தேதிகள் சொல்றேன், கேளுங்க. 2022 பிப்ரவரி 7, 21 நாள் ஃபர்லோ. 20-ஆம் தேதி பஞ்சாப் தேர்தல். 2022 அக்டோபர், 40 நாள் பரோல். நவம்பர் 3-ஆம் தேதி ஆதம்பூர் இடைத்தேர்தல், கூடவே ஹரியானா பஞ்சாயத்துத் தேர்தல். 2023 நவம்பர் 21, 21 நாள். 25-ஆம் தேதி ராஜஸ்தான் தேர்தல். 2024 அக்டோபர், ஏற்கெனவே சொன்னேன். 2025 ஜனவரி 28, 30 நாள். பிப்ரவரி 5-ஆம் தேதி டெல்லி தேர்தல். 2022 அக்டோபரில் வெளியே இருந்தப்ப இணையவழி சத்சங்கம் நடத்தினார். கர்னால் மேயர் உட்பட ஆளும் கட்சிக்காரங்க அதுல கலந்துகிட்டு ஆசி கேட்டாங்க.

அரசுத் தரப்பு வாதத்தையும் சொல்லிடணும். ஹரியானாவுல 2022-ஆம் வருஷச் சட்டப்படி தகுதியுள்ள கைதிக்கு வருஷத்துக்கு 10 வாரம் பரோல், 3 வாரம் ஃபர்லோ உண்டு. அவரும் ஒரு கைதிதானே, சட்டம் கொடுக்கிறதை எப்படி மறுக்க முடியும் என்கிறாங்க. இதை நான் லேசா ஒதுக்க மாட்டேன். பரோல் நல்ல விஷயம். கைதிக்குக் குடும்பத்தோட தொடர்பு அறுந்துபோகக் கூடாது. தேர்தல் இல்லாத நேரத்துலயும் அவர் வெளியே வந்திருக்கார் என்பதும் உண்மை.

ஆனா இரண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, எப்போ விடணும் என்று முடிவு செய்யறது நிர்வாகம். நம்ம நாட்டுல தேர்தல் நிறைய வரும்தான், ஒண்ணு ரெண்டு தேதி ஒத்துப்போகலாம். வாக்குப்பதிவுக்கு மூணு நாள், நாலு நாள், எட்டு நாள் முன்னாடி என்று திரும்பத் திரும்ப ஒத்துப்போனா கேள்வி கேட்கத்தான் வேணும். இரண்டாவது, சிறையில இருக்கிற சாதாரண ஏழைக் கைதிக்கு இதே சட்டம் இதே வேகத்துல வேலை செய்யுதா? சட்டம் எல்லாருக்கும் பொது என்றால் முதல்ல பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

இன்னொரு தகவல். சுனாரியா சிறையில் கண்காணிப்பாளரா இருந்த சுனில் சாங்வான் 2024-இல் அரசு வேலையை விட்டுட்டு, பாஜக சார்பில் தாத்ரி தொகுதியில நின்னு ஜெயிச்சார். அவர் தப்பு செஞ்சார்னு எந்த நீதிமன்றமும் சொல்லலை, நானும் சொல்லலை. ஆனா ஒரு வாக்காளர் இதைத் தெரிஞ்சு வச்சுக்கிறதுல தப்பில்லை.

பஞ்சாபில் வந்த விலை

வேட்பாளர்கள் யாருமே இதுக்கு விலை கொடுக்கலையா? ஒரு இடத்துல கொடுத்தாங்க. 2007-இல் ராம் ரஹீம் குரு கோபிந்த் சிங் மாதிரி உடை போட்டுத் தோன்றினது சீக்கியர்களைக் கொதிக்க வச்சது. 2015 செப்டம்பரில் சீக்கியர்களின் உச்ச அமைப்பான அகால் தக்த் அவருக்குத் திடீர்னு மன்னிப்பு கொடுத்தது. பின்னால அகாலி தளத் தலைவர்கள் கை இருக்குன்னு பெரிய எதிர்ப்பு. சில வாரத்துலயே மன்னிப்பை வாபஸ் வாங்கினாங்க. 2017 தேர்தல்ல அகாலி தளம் மூணாம் இடத்துக்குப் போச்சு. 2024 டிசம்பரில் அகால் தக்த், சுக்பீர் சிங் பாதலைக் கூப்பிட்டு, அந்த மன்னிப்பு உள்ளிட்ட தவறுகளை ஒத்துக்க வச்சு, பொற்கோயில் வாசல்ல ஈட்டியோட காவல் நிக்கிற தண்டனை கொடுத்தது.

ஆனா ஒண்ணை கவனிங்க. அங்கே கேட்கப்பட்டது மதத்துக்கு நேர்ந்த அவமதிப்பு. அந்தப் பெண்களுக்கு நடந்தது பத்தி எந்த வேட்பாளரையும் எந்த மேடையிலும் அதே மாதிரி நிறுத்திக் கேட்டதா சொல்ல முடியலை.

என்ன கேட்கலாம்?

வேட்பாளருக்கு நம்பிக்கை இருக்கக் கூடாதா? இருக்கலாம், அது அவர் உரிமை. கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போறதை வச்சு யாரையும் எடை போட வேண்டாம். ஒரே கும்பல்ல ஒரு போட்டோ எடுத்ததை வச்சும் வேண்டாம். நான் மூணே கேள்வி கேட்பேன். அந்தச் சாமியார் மேல புகார் வந்த பிறகும் நீங்க போனீங்களா? உங்க கையில் இருந்த அரசுப் பணமோ அதிகாரமோ அங்கே போச்சா? புகார் கொடுத்தவங்களுக்காக நீங்க ஒரு தடவையாவது வாயைத் திறந்தீங்களா?

மூணாவது கேள்விதான் முக்கியம்னு நினைக்கிறேன். பக்தர்களைக் கேலி செய்யாமலே இதைக் கேட்க முடியும். டேராவுக்குப் போய்க் குடியை விட்ட அந்தக் குடும்பமும், டேராவிலிருந்து கடிதம் எழுதின அந்தப் பெண்ணும் ஒரே மாதிரி ஊர்கள்லேர்ந்து வந்தவங்க. ரெண்டு பேரோட ஓட்டுக்கும் ஒரே மதிப்புதான்.

அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட சந்திப்போம். உங்க தொகுதியில இந்த மூணு கேள்வியை யார்கிட்ட கேட்கணும்னு தோணுதோ, எழுதி அனுப்புங்க.