தோற்றவர் எழுதிய போர்

வென்றவன் எழுதுவதே வரலாறு என்பது மேடைதோறும் தேய்ந்துபோன வாசகம். 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது தொடுத்த போரில் நடந்தது நேர்மாறு. 1945இல் பெர்லினில் செங்கொடி ஏறியது. போரின் கதையையோ மேற்குலகம் முப்பது ஆண்டுக்கு மேல் தோற்ற தளபதிகளின் வாயால்தான் கேட்டது.

வென்ற மாஸ்கோ என்ன செய்தது? ஆவணக் காப்பகங்களைப் பூட்டி வைத்தது. போதாததற்குப் பொய்யும் சொன்னது. போரில் மாண்ட சோவியத் மக்கள் 70 லட்சம் என்றார் ஸ்டாலின், 1946இல். குருசேவ் காலத்தில் அது 2 கோடி ஆயிற்று. 1990இல் கோர்பச்சேவ் சொன்ன கணக்கு ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம். இப்படிப்பட்ட சாட்சியை யார் நம்புவார்கள்?

அமெரிக்காவுக்கோ அவசரம். பனிப்போர் தொடங்கிவிட்டது, செஞ்சேனையோடு மோதியவர்களின் அனுபவம் தேவைப்பட்டது. அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றுப் பிரிவு நூற்றுக்கணக்கான ஜெர்மன் அதிகாரிகளை உட்காரவைத்து, 2,000க்கும் அதிகமான கட்டுரைகளை எழுதி வாங்கியது. மேற்பார்வை ஃபிரான்ஸ் ஹால்டர். 1938 முதல் 1942 வரை ஜெர்மன் தரைப்படையின் தலைமைத் தளபதியகத்தை நடத்தியவர். படையெடுப்புக்குத் திட்டம் தீட்டியவர். கூண்டில் நிற்க வேண்டியவர் கையிலேயே பதிவேடு! 1961இல் அமெரிக்கா அவருக்கு விருதும் கொடுத்தது.

இந்த ஜெர்மன் அதிகாரிகள் சொன்ன கதை எளிது. தளபதிகள் கெட்டிக்காரர்கள், ஹிட்லர் தலையிட்டுக் கெடுத்தார், மிச்சத்தைச் சேறும் பனியும் பார்த்துக்கொண்டன, கொலைகளைச் செய்தது நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படை. இதைப் பொய்யாக்க ஹால்டரின் நாட்குறிப்பே போதும். படையெடுப்பை இரண்டே வாரத்தில் வென்றாயிற்று என்று சொன்னாலும் மிகையில்லை என்று 1941 ஜூலை 3 அன்று எழுதுகிறார். அது கோடைக்காலம்; சேறும் பனியும் வருமுன்பே கணக்குத் தப்பிவிட்டது. அதற்கு முன்பே, மார்ச் 30 அன்று, இது அழித்தொழிப்புப் போர் என்று ஹிட்லர் தளபதிகளிடம் பேசியதையும் அதே கை குறித்து வைத்திருக்கிறது.

இன்னொரு ஜெர்மன் தளபதியான மான்ஸ்டைன் கதை இன்னும் மோசம். யூத-போல்ஷ்விக் அமைப்பை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று 1941 நவம்பர் 20 அன்று தன் படைக்கு ஆணையிட்டவர் அவர். 1946இல் நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் அந்த ஆணையை முன்னால் வைத்தபோது, நினைவில் இல்லை என்றார். 1955இல் 'இழந்த வெற்றிகள்' என்ற நினைவுக்குறிப்பை எழுத மட்டும் நினைவு வந்துவிட்டது. அதன் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் பெயர்பெற்ற போரியல் எழுத்தாளர் லிடல் ஹார்ட். அப்புறம் என்ன? அந்த நினைவுக்குறிப்பை நூல்கள் மேற்கோள் காட்டின, அந்த நூல்களை ஆய்வேடுகள் மேற்கோள் காட்டின. ஒரே வாய் பத்துச் சாட்சியாயிற்று.

இந்தக் கதையின் உடைப்பு ஜெர்மனியிலிருந்தே வந்தது. பிடிபட்ட சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம் பேரில் 33 லட்சம் பேர் மாண்டதை, 1978இல் ராணுவ ஆவணங்களைக் கொண்டே காட்டினார் ஜெர்மன் வரலாற்றாசிரியர் கிறிஸ்டியன் ஷ்ட்ரைட். ஜெர்மன் ராணுவத்தின் குற்றங்களைப் பற்றி 1995இல் ஹாம்பர்க்கில் தொடங்கிய கண்காட்சி இந்த உண்மையைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. சில படங்களுக்குத் தவறான விளக்கம் இருந்தது உண்மை. திருத்தி 2001இல் மீண்டும் திறந்தார்கள்.

மான்ஸ்டைனின் நூல் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. வாங்குகிறவர் முன்னுரையைப் புரட்டுமுன் அந்த நவம்பர் ஆணையைப் படிக்கட்டும்.