இருட்டில் தெரியாத கம்பிவடம்



சிங்கப்பூர் நீரிணையில் இரவு நேரம், ஒரு சாம்பான். தூரத்தில் சில விளக்குகள். அவற்றுக்குப் பின்னால் வெகுவாகத் தள்ளி, மங்கலாக இன்னும் சில. இரண்டும் தனித்தனிக் கப்பல்கள், நடுவில் தாராளமாக வழி இருக்கிறது என்று படகோட்டி நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்னால் போவது இழுவைப் படகு. பின்னால் வருவது கருங்கல் ஏற்றிய பார்ஜ். நடுவில் இருப்பது வழியல்ல, எஃகுக் கம்பிவடம். தன் கனத்தால் அது தண்ணீருக்குள் தொய்ந்து கிடக்கும். பகலிலேயே கண்ணில் படாது. குறுக்கே நுழையும் சாம்பானை வடம் கவிழ்க்கலாம். தப்பினால் பார்ஜ் வந்து மோதும். பார்ஜுக்கு ஏது பிரேக்?

இதற்காகத்தான் கடல் மோதல் தவிர்ப்புக்கான அனைத்துலக விதிகளில் தனி விளக்குகள் வகுக்கப்பட்டன. இவை 1972ல் உருவாகி, 1977 ஜூலை 15ல் நடப்புக்கு வந்தன. இழுவைப் படகின் கம்பத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகள் எரிய வேண்டும். படகின் பின்முனையிலிருந்து பார்ஜின் கடைசி முனை வரை 200 மீட்டரைத் தாண்டினால் மூன்று. படகின் பின்புறத்தில் வழக்கமான வெள்ளை விளக்குக்கு மேல் ஒரு மஞ்சள் விளக்கு.

பார்ஜுக்கோ கம்ப விளக்கே கிடையாது. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை, அவ்வளவுதான். 30 மீட்டர் இழுவைப் படகின் கம்ப விளக்கு 5 கடல் மைலுக்குத் தெரிய வேண்டும். 90 மீட்டர் பார்ஜின் பக்க விளக்குக்கு 3 மைல் போதும். ஆக, சின்னது முதலில் தெரியும். பெரியது பிறகுதான் தெரியும். வினோதம்தான், ஆனால் விதி அப்படி.

சில வேளைகளில் இழுக்கும் பாரம் படகைத் திரும்பவே விடாது. சட்டென்று வளைத்தால் வடம் பக்கவாட்டில் இழுத்து, படகையே கவிழ்த்துவிடும். அப்போது கூடுதலாகச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று விளக்குகள் மேலிருந்து கீழாக, எல்லாத் திசைக்கும் தெரியும்படி எரிய வேண்டும். பகலில் கறுப்பு உருண்டை, சாய்சதுரம், உருண்டை.

இந்த மூன்று விளக்குகளும் ஏறியதும் கடமை இடம் மாறிவிடுகிறது. சாதாரணமாக, வலை விரித்திருக்கும் மீன்பிடிப் படகுக்கு இழுவைப் படகுதான் ஒதுங்கிப் போக வேண்டும். இவை எரிந்தால், இயன்றவரை மீனவர்தான் ஒதுங்க வேண்டும். வலையைப் போட்டுவிட்டு நிற்கும் ஏழை மீனவருக்கு அது லேசான காரியமா? அதனால்தான், திரும்ப முடியாத நிலை கடுமையாக இருந்தால் மட்டுமே இவற்றை ஏற்றலாம் என்கிறது விதி. பார்ஜை இழுப்பதாலேயே அந்த உரிமை வந்துவிடாது. சோம்பலுக்காக ஏற்றி வைக்கும் தலைவர், மீனவரின் உரிமையைப் பறிக்கிறார்.

ஆபத்து நெருங்கினால் இழுவைப் படகு தன் தேடல் விளக்கை வடத்தின்மீது பாய்ச்சிக் காட்டலாம். சாம்பான்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வெள்ளை விளக்குகளை எண்ணுவது. ஒரே நேர்க்கோட்டில் இரண்டோ மூன்றோ தெரிந்தால், பார்ஜின் கடைசி விளக்கும் கடந்து போகும்வரை காத்திருந்து, அதற்குப் பின்னால் போக வேண்டும்.