புதிர் இல்லாத பாதை



இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளுக்குத் தமிழில் இன்னும் உறுதியான பெயர் அமையவில்லை. ஆங்கிலத்தில் மேஸ், லேபிரிந்த் என்று இரு சொற்கள் உண்டு. பலவாகக் கிளைத்து, முட்டுச்சந்துகளில் மயக்கி, வழி கண்டுபிடிக்கச் சொல்வது மேஸ். அமைதிக்காக நடப்போர் லேபிரிந்த் என்று குறிப்பதோ ஒற்றைப் பாதை. எத்தனை முறை வளைந்தாலும் அது கிளைப்பதில்லை. நடந்துகொண்டே இருந்தால் நடுவம் வந்துவிடும். ஆங்கிலேயரும் பேச்சுவழக்கில் இவ்விரண்டையும் குழப்புவதுண்டு. நாமோ இரண்டையும் புதிர்ப்பாதை என்றோ புதிர்நிலை என்றோ எழுதிவிடுகிறோம். அதனால் என்ன குறை என்று கேட்கலாம். எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம்.

அன்னையார் மறைந்து ஓராண்டு கழிந்த ஒரு செப்டம்பரில், நாங்கள் இருவரும் பிரான்சு நாட்டின் சார்ட்ரஸ் பேராலயத்திற்குச் சென்றோம். அதன் கல்தரையில், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிக்கப்பட்ட பதினொரு சுற்றுப் பாதை இருக்கிறது. குறுக்களவு ஏறத்தாழ 13 மீட்டர். அதற்குள் சுருண்டு கிடக்கும் வழியின் நீளம் 260 மீட்டருக்கும் மேல். பெரும்பாலான நாள்களில் அதன்மீது நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். நாங்கள் முதலில் போனது ஒரு புதன்கிழமை. நாற்காலிக் கால்களுக்கிடையே கறுத்த கோடுகளை மட்டுமே கண்டு திரும்பினோம். வெள்ளிக்கிழமை தரை திறக்கப்படும் என்று அறிந்து மீண்டும் சென்றோம்.

புதிர் என்ற சொல்லைச் சுமந்துகொண்டு சென்றதால், தோற்றுவிடக் கூடாது என்ற பதற்றத்துடனேயே நடந்தோம். சிறிது நேரத்திலேயே பாதை நடுவத்தின் ஓரத்திற்குக் கொண்டுபோயிற்று. வந்துவிட்டோம் என்று நினைத்தபோது வெளியே தள்ளியது. எங்கோ பிழை செய்துவிட்டோம் என்று இருமுறை நின்று பின்னால் பார்த்தோம். எதிரே வந்த முதியவர் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். அப்போதுதான் உறைத்தது, அவர் நடுவத்தைக் கண்டுவிட்டு அதே வழியில் திரும்புகிறார் என்று. இங்கே பிழை செய்ய இடமே இல்லை. அதன்பின் கால்கள் தாமாக நடந்தன. ஓராண்டாக எதை எடுத்தாலும் சரியாகச் செய்தோமா, மருத்துவரை முன்பே அழைத்திருக்கலாமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனம், அந்த அரைமணி நேரம் கணக்கை மூடி வைத்தது. இதழ் ஆறு கொண்ட பூவாக அமைந்த நடுவத்தில் நின்றபோது இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இன்று உலகெங்கும் பரவியுள்ள இந்நடைப்பழக்கத்திற்குச் சார்ட்ரஸே பெரிய தூண்டுதல். சான் பிரான்சிஸ்கோ கிரேஸ் பேராலயத்தைச் சேர்ந்த லாரன் ஆர்ட்ரஸ் 1991இல் அங்கு நடந்துவிட்டு வந்து, அவ்வடிவத்தைக் கித்தான் துணியில் தீட்டிப் பலரை நடக்கச் செய்தார்.

ஆயினும் வடிவம் நமக்கு அயலன்று. ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயிற் சிற்பத்தில் அபிமன்யுவின் சக்கரவியூகம் இத்தகைய சுற்றுகளாகவே செதுக்கப்பட்டுள்ளது. பொள்ளாச்சிக்கு அருகே கெடிமேட்டில் சதுர வடிவில் ஒன்று உள்ளது. தருமபுரி வட்டாரத்துக் கம்பைநல்லூரில் உள்ளதை ஊர்மக்கள் ஏழு சுற்றுக் கோட்டை என்கிறார்கள். ஆய்வாளர் எழுதும் புதிர்நிலையைவிட இச்சொல் எங்களுக்கு உகந்ததாகப் படுகிறது. அதில் வினா இல்லை, விடையும் இல்லை. சுற்று மட்டும் இருக்கிறது. சுற்றுப்பாதை என்று சொல்லலாமே என்பீர்கள். அது கோளுக்கும் செயற்கைக்கோளுக்கும் ஏற்கெனவே போய்விட்டது! எனவே சுற்றுக்கோட்டை என்றே சொல்லாக்கக் குழுவின் முன் வைக்கிறோம்.

வீட்டில் செய்வதற்குப் பேராலயம் தேவையில்லை. ஏழு சுற்றுக்கு ஒரு கூட்டல் குறி, அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு மடக்குக் கோடு, அவற்றின் உள்ளே நான்கு புள்ளிகள். பிறகு முனைகளை வளைவுகளால் வரிசையாக இணைத்துக்கொண்டே போக வேண்டும். கோலமிட்ட கைக்கு இது ஐந்து நிமிட வேலை. அடுக்குமாடி வீட்டின் தரையில் நடக்க இடம் போதாது என்பதால், நாங்கள் அதைத் தாளில் வரைந்து, உறங்கப் போகுமுன் சுட்டுவிரலால் நடக்கிறோம். பழகாத இடக்கை விரலென்றால் வேகம் தானே குறையும்.

இம்மண்டபத்தின் பின்புறம் சுண்ணக்கட்டியால் ஒன்று வரைந்து வைத்திருக்கிறோம். தேநீருக்குமுன் நடக்க விரும்புவோர் காலணிகளை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள், கோடு அழிந்துவிடும்.