காற்றுக்கும் காசு வேண்டுமா?
(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் பொறியாளர் ஆற்றிய உரை)



காற்று ஆண்டவர் இலவசமாகக் கொடுத்தது, அதற்கு எதற்கு நன்கொடை என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

குறைமாதக் குழந்தை மூச்சுக்குத் திணறும்போது ஆக்சிஜன் கொடுக்கிறோம். அளவு மிஞ்சினால் அதே ஆக்சிஜன் குழந்தையின் பார்வையைப் பறித்துவிடும். 1951-ல் மெல்போர்ன் நகரத்து மருத்துவர் கேட் காம்ப்பெல் இதை எடுத்துக்காட்டினார். ஆகவே சுத்தமான காற்றைக் கலந்துதான் கொடுக்க வேண்டும். அந்தக் காற்று சுமார் 4 பார் அழுத்தத்தில், இரவும் பகலும் குழாயில் தயாராக நிற்க வேண்டும்.

பஞ்சர் கடை கம்ப்ரசரும் காற்றுத் தருகிறது. கூடவே எண்ணெயும் தண்ணீரும் தருகிறது. எண்ணெய் படாத கம்ப்ரசர் வாங்கினால் முதல் தொல்லை தீரும். தண்ணீர் அப்படி விடாது. 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி இருக்கும். எட்டு கன மீட்டரை ஒன்றாக நெருக்கி ஆறவிட்டால், 200 கிராமுக்கு மேல் தண்ணீராகவே வடியும். அது வென்டிலேட்டருக்குள் போனால் கருவி பழுதாகும். குழாயில் தங்கினால் கிருமி வளரும். ஆகவே குளிர்விப்பான், தண்ணீர் தானாக வடியும் தொட்டி, உலர்த்தி, ஃபில்டர்கள் என்று வரிசையாக வேண்டும். உலர்த்தி தன் ஈரத்தை வெளியேற்றவே சுமார் 15 சதவீதம் காற்றை எடுத்துக்கொள்ளும். இதைக் கணக்கில் சேர்க்காமல் கம்ப்ரசர் வாங்குகிறவர்கள் உண்டு!

காற்றை இழுக்கும் வாய் ஜெனரேட்டர் புகைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடைச் சாதாரண ஃபில்டர் பிடிக்காது. வரைபடத்திலேயே இடம் குறித்துவிட்டால் இதற்குப் பெரிய செலவில்லை.

ஒரே பெரிய கம்ப்ரசர் மலிவாகத் தெரியும். நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. அது நின்றால் வார்டு முழுவதும் நிற்கும். தனியாகவே முழுத் தேவையையும் தாங்கும் கம்ப்ரசர் இரண்டு வேண்டும். ஒன்றைப் பழுதுபார்க்கும்போது மற்றது ஓடும். மின்சாரம் போனால் இரண்டும் ஜெனரேட்டரில் ஓட வேண்டும்.

முதல் கம்ப்ரசருக்குப் பணம் சேர்ந்துவிட்டது. பெயர்ப்பலகை வைக்க அதுதான் வசதி போலும்! இந்த ஆண்டு நாங்கள் கேட்பது இரண்டாவது கம்ப்ரசரும் உலர்த்தியும். தாமிரக் குழாய் வேலை கட்டடச் செலவிலேயே சேர்ந்திருக்கிறது.